‘கண்டிப்பா’ என்று ஒரு கூடுதல் சொல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில், கோலார் தங்கவயலில் எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் நடந்தது இது. அங்கே ஒரு சர்ச்சுக்குப் பின்னால் சின்ன ஹால் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதில் சங்கப் பாடல்கள் வாசிப்போம். நடத்துபவன் நான். என் மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை எதற்கும் உதவாத நேரமாகிவிட்டதால் இந்த ஏற்பாடு. பாதிரியாரிடம் சாவி கேட்டபோது, "எத்தனை பேர் வருவாங்க?" என்றார். "மூணு பேர் வந்தா போதும், மீட்டிங்குக்குக் கோரம் ஆயிடும்" என்றேன். முதல் வாரம் பதினொருவர் வந்தார்கள். அதில் நான்கு பேர் இலவசமாக பி.பி. பார்க்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர்கள். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் நிலைத்துவிட்டார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுரங்க அலுவலகத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தேன். எதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த மேசைக்குப் பிறகு எந்த மேசை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சுரங்கத்தை மூடினார்கள். படிவங்களை மூட யாராலும் முடியவில்லை. அதன் பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வந்து, ஒரு கல்லூரி அலுவலகத்தில் மீதி வருடங்களைக் கழித்து ஓய்வு பெற்றேன். அந்த ரயிலில்தான் தபால் வழி எம்.ஏ. தமிழ் படித்தேன். பெரும்பகுதி நின்றுகொண்டே படித்தது.

பாட்டு வாசிக்கும் முறையும் என் உத்தியோகத்திலிருந்து வந்ததுதான். விபத்து விசாரணையில் முதலில் என்ன கேட்போம்? யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த இடம், எந்த நேரம். அகப் பாடலுக்கும் அதே நான்கு கேள்விகள். ஐந்தாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்: கூடுதலாக ஒரு சொல் நின்றால் அது ஏன் நிற்கிறது? பழைய புலவர்கள் சிக்கனக்காரர்கள். தேவையில்லாத ஒரு சொல்லைப் போல எது தெரிகிறதோ, விஷயம் அங்கேதான் இருக்கும். இதை வாரம் தவறாமல் சொல்வேன். கேட்பவர்கள் வாரம் தவறாமல் தலையாட்டுவார்கள்.

பி.பி. பார்க்க வந்து நிலைத்த இரண்டு பேரும் பெண்கள். ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லைனில் அடுத்தடுத்த வீடு. ஒருவர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பௌத்தக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். மற்றவர் தையல் வேலை செய்பவர், கிறிஸ்தவக் குடும்பம், அதிகம் பேசமாட்டார். யார் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அகப் பாட்டில் ஆள் பெயர் வரக்கூடாது என்பது பழைய விதி. இந்த ஒரு விதியை மட்டும் நான் வாழ்க்கையிலும் மதிக்கிறேன். ஆகவே ஒருவரை ஆயாம்மா என்றும் மற்றவரைத் தையலம்மா என்றும் வைத்துக்கொள்கிறேன்.

தையலம்மாவின் கணவர் சுரங்கத்தில் டிம்பர்மேன். உள்ளே மரத்தூண் கொடுத்துக் கூரையைத் தாங்கவைக்கும் வேலை. சுரங்கம் மூடிய மறுவருடம் வெளியூரில் வேலை தேடிப் போனார். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. குழந்தைகள் இல்லை. இருபது வருடத்தில் அந்த அம்மா நெற்றி, கழுத்து, கதவில் மாட்டிய பெயர்ப்பலகை எதையும் மாற்றவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இல்லாத லைனே கிடையாது. அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முல்லைப் பாட்டுகளில் வரும் ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொண்டேன். கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கார்காலம் வந்துவிடுகிறது, மழை கொட்டுகிறது. அப்போது தோழி தலைவியிடம், இது கார்காலமே இல்லை, ஏதோ தவறிப் பெய்த மழை என்கிறாள். இந்த ஒரு கருத்தைப் பல புலவர்கள் பாடியிருக்கிறார்கள். நான் என் பாணியில் கரும்பலகையில் கட்டம் போட்டேன். பேசுபவர் தோழி. கேட்பவர் தலைவி. பேசுவது பொய். விளைவு, தலைவி நம்புகிறாள். "அந்த அப்பாவித்தனம்தான் இந்தப் பாட்டோட அழகு" என்று முடித்தேன்.

ஆயாம்மாவுக்குக் கோபம் வந்தது. "பொய்யின்னு எழுதாதீங்க சார்."

"மழை பெய்யுது. பெய்யலைன்னு சொல்றா. பின்னே அதுக்கு என்ன பேரு?"

"இன்னா பேரோ எனக்குத் தெரியாது. பொய்யின்னா எழுதறது?"

முன்வரிசையில் இருந்த, சுரங்கத்தில் பாறை துளைத்த பழைய டிரில்லர் ஒருவர், "விடும்மா, சார் விசாரணைக் கமிஷன் வெச்சிருக்காரு, நாளைக்குத் தோழிக்குச் சார்ஜ் ஷீட் குடுப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது தையலம்மா, அதுவரை ஒரு வகுப்பிலும் வாய் திறக்காதவர், மெதுவாகச் சொன்னார்.

"தலைவிக்குத் தெரியும் சார்."

"எதும்மா?"

"கார்காலம் வந்துட்டதுன்னு."

"பாட்டுல எங்க இருக்கு? சான்று காட்டுங்க."

"பாட்டுல அவ ஒண்ணுமே பேசலையே சார். நம்பியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. நம்பலைன்னா சண்டை போட்டிருப்பா. அவ சும்மா கீறா."

"சும்மா இருக்கறது சான்று ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனேன். என் நினைவில், விளக்கம் கொடுத்து முடித்த திருப்தி அன்று வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது.

அதே மாதத்தில்தான் வீட்டு விஷயம் வந்தது. சுரங்க காலத்து லைன் வீடுகளை அங்கே இருப்பவர்களுக்கே எழுதித் தரப்போகிறார்கள் என்ற பேச்சு பல வருடங்களாக உண்டு. இந்த முறை படிவமே கொடுத்துவிட்டார்கள். வேலை பார்த்தவர் கையெழுத்துப் போடவேண்டும். அவர் இறந்திருந்தால் மனைவி, இறப்புச் சான்றிதழோடு. இரண்டும் இல்லாதவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை. மாதக் கடைசிக்குள் கொடுக்காத வீடுகள் வேறு பட்டியலுக்குப் போகும் என்றார்கள். வேறு பட்டியல் என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் ஊரே பயந்தது.

ஆயாம்மா தையலம்மாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக என் வீட்டுக்கு அழைத்து வந்தார். "சார், இவளுக்கு ஒரு வழி பண்ணுங்க. இந்த ஊட்ட உட்டா இவ எங்க போவா?"

எனக்கு வழி தெரியும். வழி தெரியாத விஷயம் என்று ஒன்று அதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. ஏழு வருடங்களாக ஒருவரைப் பற்றி, அவரைப் பற்றி இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்ததாகக் கொள்ளும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். தீர்ப்பு வர நாளாகும். ஆனால் மனு போட்ட எண் இருந்தால் விண்ணப்பத்தை வாங்கிவைப்பார்கள். போலீசில் காணாமற்போன புகார் வேண்டும், அஃபிடவிட் வேண்டும், நோட்டரி வேண்டும்.

"காணாம போனதா எப்போ புகார் குடுத்தீங்க?"

"குடுக்கலை சார். அவரு காணாம போகலை. வேலைக்குப் போனாரு."

இதை நான் குறித்துக்கொள்ளவில்லை. குறிக்கும் பத்தி படிவத்தில் இல்லை.

இரண்டு நாளில் அஃபிடவிட்டைத் தயார் செய்தேன். கன்னடத்தில் ஒன்று, அவர் படித்துப் பார்க்கத் தமிழில் ஒன்று. நல்ல வேலை, நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்பது பத்தி. ‘மேற்படி நபரைப் பற்றி எனக்கோ என் உறவினருக்கோ அண்டை அயலாருக்கோ எவ்விதத் தகவலும் இல்லை என்றும், அவர் உயிருடன் இல்லை என நான் உண்மையாக நம்புகிறேன் என்றும்’ என்று ஆறாம் பத்தி. அந்த வாக்கியத்தின் ஓட்டம் எனக்கே பிடித்திருந்தது.

வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் வந்தார்கள். தையலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ் நகலை வாசித்தார். வாசித்து முடித்து மறுபடி முதலிலிருந்து வாசித்தார். தைக்க வந்த துணியில் இழை ஓடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல விரலை வரிக்கு வரி நகர்த்தினார். ஆயாம்மா பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"இது யாரு பேசறது சார்?"

"நீங்கதாம்மா. ‘நான் உறுதியாகச் சொல்வது யாதெனில்’னு இருக்குல்ல."

"யாருகிட்ட?"

"நீதிமன்றத்துக்கிட்ட."

"எந்த எடத்துல, எந்தக் காலத்துல?"

அப்போதுதான் அந்தக் கேள்விகளை எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அவர் தொடர்ந்தார். குரல் உயரவே இல்லை.

"நீங்க சொல்லிக் குடுத்தபடி பாத்தேன் சார். இதுல எடமே இல்லை, காலமும் இல்லை. அவரு எந்த மாசம் போனாரு, இன்னா சொல்லிட்டுப் போனாரு, ஒண்ணுமே கெடையாது. பேசறது நான்னு போட்டுக்கீது. ஆனா நான் பேசற மாதிரி ஒரு வரி கூட இல்லை. புருஷன் செத்துப் பொம்பளை அழுவுற பாட்டெல்லாம் அகத்துல சேராது, அது புறம், வேற தொகுப்புன்னு போன மாசம் சொன்னீங்க. இதுல கையெழுத்துப் போட்டா நான் அந்தத் தொகுப்புக்குப் போயிடுவேன். எனக்கு அங்க போக இஷ்டமில்லை."

ஆயாம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாமே நீ, ஊடு போயிட்டா அகம் எங்க, புறம் எங்க? போடுமே கையெழுத்த. ஆளுதான் வரலையே."

"வரலை. ஆனா அண்டை அயலாருக்குத் தகவலே இல்லைன்னு போட்டுக்கீது பாரு. அது நீதானே?"

ஆயாம்மா பேனாவை மூடினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஏன் மாறியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"உனக்குத் தெரியுமே, அவரு எங்க கீறாருன்னு" என்றார் தையலம்மா.

நடந்தது இதுதான். பதினான்கு, பதினைந்து வருடத்துக்கு முன் ஆயாம்மாவின் மருமகன் வேன் ஓட்டிக்கொண்டு ஓசூர் பக்கம் போனபோது, ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறை வாசலில் அந்த டிம்பர்மேனைப் பார்த்திருக்கிறார். பின்னாலேயே சின்னதாக ஒரு வீடு. அதில் ஒரு பெண், ஒரு குழந்தை. மருமகன் வந்து மாமியாரிடம் சொன்னார். மாமியார் அவரிடம் சத்தியம் வாங்கி வாயை மூடவைத்தார். அன்றிலிருந்து அதைச் சுமந்துகொண்டு பக்கத்து வீட்டில் குடியிருந்திருக்கிறார்.

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றார் ஆயாம்மா. கேள்வி அழுகையாக வந்தது. "யாருடி சொன்னா? எப்போடி தெரியும்?"

"நீ சொல்லாம உட்ட அன்னிக்கே தெரியும்."

"இன்னாடி உளர்றே?"

"அதுக்கு முன்னாடியெல்லாம் கிறிஸ்மஸுக்குக் கேக்கு வாங்கிக்கினு வந்து ‘வருவாருடி’ன்னு சொல்லுவே. அந்த வருஷத்துலருந்து ‘கண்டிப்பா வருவாருடி’ன்னு சொல்ல ஆரம்பிச்சே. கண்டிப்பா எங்கருந்து வந்திச்சுன்னு நான் யோசனை பண்ணேன். செத்திருந்தா நீ அழுதிருப்பே. நீ அழலை. அவரு போட்டோவப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினே. அப்போ ஆளு உயிரோட கீறாரு, ஒண்டியா இல்லைன்னு தெரிஞ்சுது. ஊரு பேரு மட்டும்தான் தெரியாம இருந்திச்சு. உன் மருமவன் ஓசூர் சவாரின்னா எங்க ஊட்டுப் பக்கம் வராம சுத்திக்கினு போவாரு. அதுல அதுவும் தெரிஞ்சுபோச்சு."

நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கூடுதலாக ஒரு சொல் நின்றால் அது ஏன் நிற்கிறது என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையில் எழுதியிருப்பேன். இந்த அம்மா அதை நான் எழுதுவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே செய்து முடித்து, சான்றோடு வைத்திருந்தார்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? என் மூளை அடுத்த மேசைக்குப் போய்விட்டது. ஆள் உயிரோடு இருக்கிறார், முகவரி தெரியும். அப்படியென்றால் கோர்ட் வேண்டாம், நோட்டரி வேண்டாம். படிவத்தில் அவர் கையெழுத்து, இணை விண்ணப்பதாரராக இவர் கையெழுத்து. முடிந்தது. அதை உற்சாகமாகவே சொன்னேன். திணையைக்கூடத் திருத்தினேன். "நான்தான் தப்பா முல்லைன்னு நினைச்சிட்டேன். தலைவன் இன்னொரு வீட்டுல இருக்கான்னா அது மருதம். தலைவி கோவிச்சுக்கற திணை. நீங்க போய் உரிமையா கேக்கலாம்."

தையலம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பாடத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட மாணவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"கோவிச்சுக்க அவரு எதுருல இருக்கணும் சார். நான் காத்துக்கினு கீறேன். போனவரு இன்னா பண்ணாருன்றதா திணை? இருக்கறவ எப்படிக் கீறான்றதுதானே?"

அவர் சொன்னது சரி. என் எம்.ஏ. பாடத்தில் இதே கருத்து இதைவிட மோசமான நடையில் இருந்தது.

"கையெழுத்து கேக்கலாம் சார்" என்றார் பிறகு. "கேட்டா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும். இப்போ அவரு இன்னா நெனச்சுக்கினு இருப்பாரு? அவளுக்கு ஒண்ணும் தெரியாது, என்னிக்காவது போய் நின்னா கதவத் தொறப்பான்னு நெனச்சுக்கினு இருப்பாரு. தெரியும்னு தெரிஞ்சா, எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வருவாரு? ஊட்டுக்காகப் போய் கையெழுத்து வாங்கினா, வர்ற வழிய நானே மூடினதாயிடும்."

வெளியே ஆட்டோ ஒன்று நின்று யாரையோ இறக்கிவிட்டுப் போனது. ஆயாம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். வீட்டை விடுவதா, அந்த வழியை மூடுவதா. இரண்டில் ஒன்று. மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது.

"நான் போறேன்" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியாது. "ஆபீஸ்ல இருந்து வந்ததா சொல்றேன். பழைய ரெஜிஸ்டரைப் பாத்து எல்லாரையும் தேடிக் கையெழுத்து வாங்கறோம்னு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"பொய்யா சார்?" என்றார் ஆயாம்மா, தலைப்புக்குள்ளிருந்து. அந்த நிலைமையிலும் விடவில்லை.

நாற்பது வருட உத்தியோகத்தில் ஒரு தேதியைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. அப்படிப்பட்ட என்னைப் பற்றித் தையலம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது நியாயம். "உங்களுக்கு வருமா சார்?" என்று கேட்டார். முயற்சி செய்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை ஓசூர் போனேன். பட்டறையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது என்று சொல்ல ஆசை. தெரியவில்லை. பழைய ரெஜிஸ்டரில் ஒட்டியிருந்த படத்துக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கும் தோள் மட்டும்தான் ஒன்றாக இருந்தது. பெயரையும் சுரங்க டோக்கன் நம்பரையும் சொல்லிக் கேட்டேன். எழுந்து நின்றார். இருபது வருடமாக யாரும் தன்னை அப்படி முழுப் பெயரும் டோக்கன் நம்பரும் சேர்த்துக் கூப்பிட்டதில்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். நான் ஒப்பித்தேன். பழைய ரெஜிஸ்டர், எல்லோரையும் தேடுகிறோம், லைன் வீட்டுப் படிவம், மூன்று இடத்தில் கையெழுத்து. அவர் படிவத்தைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். வலது கண்ணில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"அவ பேரும் போட்டுக்கீதா சார்?"

"இணை விண்ணப்பதாரர். குடியிருக்கறவங்க பேர் வரணும், அது ரூல்."

"நீங்க இங்க வந்தது அவளுக்கு..."

"தெரியாது. அவங்களுக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாது. ‘வேலைக்குப் போயிருக்காரு’ன்னுதான் சொல்றாங்க."

சொல்லிவிட்டேன். நாக்கு தடுக்கவில்லை. அவர் டீயைக் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் பட்டறையில் கல் அறுக்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நல்லா கீறாளா?"

"தைக்கறாங்க. ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வர்றாங்க."

"இன்னா வகுப்பு?"

"பழைய பாட்டு."

"பாட்டா?" அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "அவகிட்ட எதையும் மறைக்க முடியாது சார். சம்பள நாள்ல நான் செருப்பு கழட்டுற சத்தத்த வெச்சு எவ்ளோ குடிச்சேன்னு சொல்லுவா." டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, அவளுக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில், நான் கொண்டுபோன கதையை அவர் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை என்பது எனக்கு விளங்கியது. நம்பியதாக வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அவ்வளவுதான்.

கோடு எங்கே என்று நான் விரலால் காட்டினேன். மூன்று இடத்திலும் போட்டார். படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கண்ணு விஷயம் ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்க சார்" என்றார். யாருக்கும் என்றுதான் சொன்னார். ஒரே ஒருவரைத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பஸ் வரும்வரை அவர் போகவில்லை. பஸ் கிளம்பியபோது பேச ஏதோ இருப்பதுபோல் ஜன்னல் பக்கம் இரண்டு எட்டு வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை காலை படிவத்தைக் கொடுப்பதற்கு முன் தையலம்மா கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. அதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். ஆயாம்மாவும் இருந்தார். தையல் மிஷின் மேல் விரிப்புப் போட்டுப் படிவத்தை வைத்தேன்.

"அவருக்குச் சந்தேகம் வரலையே சார்?" என்றார் தையலம்மா.

"வரலை. நம்பிட்டார்."

தையலம்மா படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தன் பெயர் எங்கே என்று தேடவில்லை. கணவரின் கையெழுத்துகளைத்தான் பார்த்தார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நான் இதுவரை எந்தப் பாட்டையும் அப்படி வாசித்ததில்லை. ஒரே ஒரு பெயர், அதை மூன்று முறை எழுதியிருக்கிறது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு வகுப்பையே முடித்திருப்பேன். விரல் காகிதத்தில் படாமல் எழுத்துக்கு மேலேயே நகர்ந்தது.

"கோட்டுக்கு மேல ஏறி நிக்குதே சார்" என்றார். "அவரு கோட்ட உட்டு எழுத மாட்டாரு. லெட்டர்ல கூட ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுத்தான் எழுதுவாரு."

நான் விரிப்பின் சுருக்கத்தை நீவினேன்.

"இங்க பாருங்க. பாதியில பேனாவ எடுத்துட்டாரு. திருப்பி வைக்கும்போது எங்க உட்டோம்னு தேடிக்கீறாரு. வேற எடத்துல ஆரம்பிச்சுக்கீது." மூன்றாவது கையெழுத்துக்குப் போனார். "இதுல வலது பக்கம் மொத்தமா கீழ எறங்குது. வலது பக்கம்..." நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், அவருக்குக் கண்ணு தெரியலையா?"

ஆயாம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வாக்கு நினைவிருந்தது.

"பெஞ்சு ஆடிச்சும்மா" என்றேன். "டீக்கடை பெஞ்சு. அதான்."

அந்த அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்தை வாசித்த அதே கண்கள். நான் சொன்னதில் எந்தச் சொல் கூடுதல் என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நொடி போதும் என்று எனக்குத் தெரியும். ‘அதான்’ என்பதைச் சொல்லியிருக்கக்கூடாது. பிறகு கண்ணாடியைக் கழற்றி விரிப்பின் ஓரத்தில் துடைத்தார்.

"ஆமா சார். டீக்கடை பெஞ்சு ஆடத்தான் செய்யும்" என்றார். கணவர் பெயருக்குக் கீழே, கோட்டின் மேலேயே, நேராகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமே படிவத்தைக் கொடுத்து முத்திரை வாங்கிவந்தேன். அதில் இரண்டு பெயரும் இருக்கின்றன. பத்திரம் இன்னும் வரவில்லை. வரும், இல்லையென்றால் எந்த மேசையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தையலம்மா அதே வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இப்போதும் அதிகம் பேசுவதில்லை.

பாட்டை வாசிப்பது என்றால் யார், யாரிடம், எங்கே, எப்போது என்று கேட்டுக் கட்டத்தை நிரப்புவது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஒருவர் பொய்யென்று தெரிந்தே சொல்கிறார், மற்றவர் பொய்யென்று தெரிந்தே வாங்கிக்கொள்கிறார், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு மனிதப் பிறவி இருபது வருடம் காத்திருக்கிறது என்பதை அந்த அம்மா மூன்று கையெழுத்துகளை வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். பெஞ்சு ஆடியது என்று நான் சொன்னதும் பொய்யென்று எனக்குத் தெரியும், அது அவருக்கும் தெரியும், அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதில் எனக்கு இருக்கும் மனநிறைவை என் எம்.ஏ. பட்டம் ஒருநாளும் கொடுத்ததில்லை.